காட்டில் கண்ட மண் நட்சத்திரத்துக்குப் பெயர் தேடுவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு காளானுக்குப் பெயர் தேட எனக்கு மூன்று மாரி எடுத்தது. படுவான்கரையில் சித்தப்பாவின் மாட்டுப் பட்டிக்குப் பின்னால் காடு தொடங்குகிறது. அங்கே ஒரு வீரை மரத்தடிச் சருகில் அதை முதன்முதலில் கண்டபோது, அது காளான் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஆறு இதழ் விரித்த தடித்த நட்சத்திரம். நடுவில் போளைக்காய் அளவில் ஒரு பை. பையின் உச்சியில் சின்னத் துளை. சித்தப்பா கம்பு நுனியால் மெல்லத் தட்டினார். துளையால் மண்ணிறத் தூள் புகைபோலக் கிளம்பியது. “வெடிச்ச காயொண்டு மனே, காளானில்ல” என்றார்.

காளான்தான். ஆங்கிலத்தில் எர்த்ஸ்டார் என்பார்கள். மண் நட்சத்திரம் என்று நான் எழுதுகிறேன். முதலாம் மாரியில் கைபேசியில் மேலிருந்து இரண்டு படம் மட்டும் எடுத்தேன். அதை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இரண்டாம் மாரியில் பொலித்தீன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மூன்றாம் மாரியில்தான் ஒழுங்காகச் செய்தேன். அதில் விளங்கிய முக்கியமான விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்ட இடத்தில் முதல் ஒரு மணித்தியாலத்தில் நீங்கள் எழுதாமல் விட்டதை, எடுக்காமல் விட்டதைப் பிறகு எந்த ஆய்வுகூடமும் மீட்டுத் தராது. கீழேயுள்ள படிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு மணித்தியாலத்துக்கான ஆயத்தந்தான்.

1. வாயில் வைக்க வேண்டாம்

பெயர் தேடுவது ஒரு வேலை, கறிக்குக் காளான் பிடுங்குவது வேறு வேலை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே பையில் செய்யாதீர்கள். விரிந்த மண் நட்சத்திரம் தோல்போல இருக்கும், தின்ன ஒன்றுமில்லை. ஆபத்து அதன் விரியாத பருவத்தில் இருக்கிறது. அப்போது அது மண்ணுக்குள் பாதி புதைந்த உருண்டை. கொடிய நஞ்சுள்ள அமனிட்டா வகைக் காளான்களும் இளம் பருவத்தில் முட்டைபோலத்தான் இருக்கும்.

மஞ்சள் போட்டு அவித்தால் நஞ்சுக் காளான் கறுக்கும், வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூச்சி அரித்தது நல்லது, மாடு தின்றால் மனிதரும் தின்னலாம் என்று ஊரில் சொல்வார்கள். ஒன்றையும் நம்ப வேண்டாம். அமனிட்டாவின் அமற்றொக்சின் நஞ்சு அவித்தாலும் பொரித்தாலும் அழியாது. சாப்பிட்டு ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு, சில வேளை ஒரு நாள் கழித்தே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். பிறகு சுகம் வந்ததுபோல ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளியில்தான் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும். காளான் சாப்பிட்ட யாருக்காவது வயிறு குழம்பினால் சுகமாகும் என்று காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மிச்சக் காளானையும், சமைத்த மிச்சத்தையும், முடிந்தால் வாந்தியையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

2. காலத்தைப் பிடியுங்கள்

எங்கள் பக்கம் மாரி வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஐப்பசியில் முதல் நல்ல மழை விழுந்து, சருகு ஊறி, நாலைந்து நாள் கழித்து உருண்டைகள் மேலே வரத் தொடங்குவதை நான் கண்டேன். கார்த்திகை, மார்கழியில் விரிந்தவை கிடைக்கும். சாதாரணக் குடைக்காளான் இரண்டு நாளில் அழுகிவிடும். மண் நட்சத்திரத்தின் பையும் இதழும் காய்ந்து வாரக்கணக்கில் நிற்கும். ஆகவே வெள்ளம் வடிந்து பாதை திறந்த தை, மாசியிலும் பழையவற்றைக் காணலாம்.

ஆனால் பழையதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். பெயருக்கு வேண்டிய அடையாளங்களில் சில, உள்ளிதழின் நிறம், பையைச் சுற்றிய சதை வளையம் போன்றவை, காய்ந்ததும் மறைந்துவிடும். ஒரே இடத்தில் உருண்டை, அரைவிரிவு, முழுவிரிவு, காய்ந்தது என்று நான்கு பருவமும் பார்க்க ஒரு மாரிக்குள் குறைந்தது மூன்று தரம் போக வேண்டியிருக்கும். நான் போனது ஐந்து தரம்.

காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை மூன்று மணிக்குப் பின்னும் காட்டோரத்தில் நிற்க வேண்டாம். யானை வரும் பாதை எது, நேற்று எங்கே நின்றது என்று பட்டிக்காரரிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். தனியாகப் போகவே வேண்டாம். சருகைக் கையால் கிளறாமல் கம்பால் விலக்குங்கள், அடியில் புடையன் கிடக்கும். யுத்தம் நடந்த பகுதிகளில் பழைய இரும்பு, அறிமுகமில்லாத பொருள் எது கிடந்தாலும் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

3. காடு யாருடையது என்று முதலில் கேளுங்கள்

எனக்கு அதிக நாள் போன படி இதுதான். படம் எடுப்பது ஒன்று, பிடுங்கி எடுப்பது ஒன்று. நிற்கும் நிலம் எதுவென்று தெரியாமல் பிடுங்காதீர்கள்.

சொந்தக் காணி, உறவினர் காணி, வயல் வாடிப் பக்கம் என்றால் காணிக்காரரின் சம்மதம் போதும். அதையும் ஒரு துண்டில் எழுதி ஒப்பம் வாங்கி வையுங்கள். மாதிரியைப் பின்னர் சேகரிப்பகத்துக்குக் கொடுக்கும்போது எங்கிருந்து எடுத்தது என்று கேட்பார்கள்.

ஒதுக்கப்பட்ட காடு, அரச காடு என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். தேசியப் பூங்கா, சரணாலயம் என்றால் வனசீவராசிகள் திணைக்களம். அம்பாறைப் பக்கத்தில் கல்லோயா, லகுகல இரண்டும் தேசியப் பூங்காக்கள். கல்லோயாவுக்கு இங்கினியாகலையில் நுழைவுச்சீட்டு வாங்கியவருக்குப் பார்க்க உரிமை உண்டு, ஒரு சருகைக்கூட எடுக்க உரிமையில்லை. இரண்டு திணைக்களங்களின் தலைமையகமும் பத்தரமுல்லையில் இருக்கின்றன. தலைமையகத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தின் ஒரு பிரதியை மாவட்ட அலுவலகத்துக்கும் கொடுத்துவையுங்கள். காட்டில் உங்களை மறிக்கப்போவது மாவட்ட உத்தியோகத்தர்தான்.

பொறி இங்கே இருக்கிறது. வெளியில் பார்த்தால் எல்லாம் ஒரே காடு. பட்டிக்குப் பின்னால் இருப்பது எந்தத் திணைக்களத்தின் கீழ் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஊகித்து அனுப்பினேன். தவறான இடத்துக்குப் போய், ஆறு வாரம் கழித்து “எங்களுடையதல்ல” என்று பதில் வந்தது. முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போய்க் கேட்டிருந்தால் ஒரு காலையில் முடிந்திருக்கும். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவிலும் வரைபடம் பார்த்துச் சொல்வார்கள்.

விண்ணப்பத்தோடு நான் கொடுத்தவை: தேசிய அடையாள அட்டைப் பிரதி, என்ன செய்யப்போகிறேன் என்று இரண்டு பக்க விளக்கம், போகும் இடத்தின் வரைபடம், போகும் நாட்கள், எத்தனை மாதிரி எடுப்பேன் என்ற எண்ணிக்கை, எடுத்ததை எங்கே வைப்பேன் என்ற விவரம், ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளரின் ஆதரவுக் கடிதம். இந்தக் கடைசிக் கடிதம் இல்லாமல் தனியாள் விண்ணப்பம் நகர்வது கடினம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையிலோ, சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ போய்க் கேளுங்கள். வெறுங்கையோடு போகாமல் முதல் ஆண்டுப் படங்களை அச்சடித்துக் கொண்டுபோங்கள். நான் படத்தைக் காட்டிய பிறகுதான் பேச்சு கனிந்தது.

எண்ணிக்கையைக் குறைவாகக் கேளுங்கள். நான் ஒவ்வோர் இடத்திலும் மூன்றுக்கு மேல் எடுக்க மாட்டேன் என்று எழுதினேன். ஓரிடத்தில் நாலைந்துதான் நின்றால் இரண்டை எடுத்து, மற்றதை வித்தி, அதாவது விதைபோலப் பெருக்கும் அந்தத் தூளை, பரப்ப விடுங்கள். மழைத்துளி பையில் விழும்போது உள்ளிருக்கும் தூள் துளையால் தெறிக்கிறது. அது பெருகுவதற்கு வழி அதுதான்.

மாரிக்கு முன் அனுமதி கையில் இருக்க வேண்டுமென்றால் சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு தொடங்குங்கள். ஆவணியில் தொடங்கினால் அந்த மாரியை விட்டுவிட வேண்டியதுதான்.

4. பைக்குள் என்ன, செலவு எவ்வளவு

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று. நான் 1,500 ரூபாவுக்கு வாங்கினேன். கண்ணாடிக் கடைகளில் விற்கும் பெரிய வட்ட லென்ஸ் இதற்குப் போதாது. சிறு கத்தி, வெள்ளை அடிமட்டம், பென்சில், கடின அட்டைக் குறிப்புப் புத்தகம். பேனை வேண்டாம், மழையில் மை கரைந்து என் முதல் மாரிக் குறிப்பு முழுவதும் நீலக் கறையானது. பாண் கடையில் தரும் கடதாசிப் பைகள் இருபது. மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று, நசுங்காமல் கொண்டுவர. சிலிக்கா ஜெல் அரைக் கிலோ. சில்லறையெல்லாம் சேர்த்து எனக்கு ஏறக்குறைய 6,000 ரூபா முடிந்தது. லென்ஸும் பெட்டியும் ஒரு தரம் வாங்கினால் போதும்.

5. கண்ட இடத்தில் செய்ய வேண்டியது

பிடுங்கக் கை நீள்வதற்கு முன் படம். ஆறு படம் கட்டாயம்: சுற்றுப்புறத்தோடு தூரத்திலிருந்து ஒன்று, நேர் மேலிருந்து ஒன்று, தரைமட்டத்தில் பக்கவாட்டில் ஒன்று, உச்சித் துளை மிக அருகில் ஒன்று, பிடுங்கிய பிறகு அடிப்பக்கம் ஒன்று, நெடுக்காக வெட்டிய பிறகு ஒன்று. எல்லாவற்றிலும் அடிமட்டம் தெரிய வேண்டும். படத்தில் அளவு இல்லாவிட்டால், ஒரு சென்ரிமீற்றர் காளானுக்கும் பத்து சென்ரிமீற்றர் காளானுக்கும் வித்தியாசம் தெரியாது. கைபேசி வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள், நிறம் வெளிறும்.

பிடுங்கும்போது இழுக்காதீர்கள். கத்தியைச் சுற்றி இறக்கி அடி மண்ணோடு கிளப்புங்கள். அடிப்பக்கத்தில் சருகும் மணலும் ஒட்டியிருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா என்பது இனத்தைப் பிரிக்கும் ஒரு முக்கிய அடையாளம். நான் இரண்டாம் மாரியில் அழகாகத் தெரிய வேண்டுமென்று தண்ணீரில் கழுவினேன். அந்த அடையாளத்தை என் கையாலேயே அழித்தேன். கழுவாதீர்கள். தூரிகையால் தட்டவும் வேண்டாம்.

பிறகு அங்கேயே, நின்றபடியே எழுதுங்கள். திகதி, நேரம். கடைசி மழை எப்போது. மண்ணில் நின்றதா, சருகிலா, உக்கிய மரத்திலா, புற்றுக்குப் பக்கத்திலா. சுற்றிலும் என்ன மரம். வீரை, பாலை, முதிரை, கருங்காலி என்று மரத்தின் பெயர் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் ஓர் இலையைப் பறித்துக் குறிப்புப் புத்தகத்துக்குள் வையுங்கள், பட்டிக்காரர் சொல்லித் தருவார். தனியாக நின்றதா, கூட்டமாகவா, வட்டமாகவா. இதழ் எத்தனை. உள்ளிதழ் நிறம். மணம். இவற்றில் நிறத்தையும் மணத்தையும் வீட்டுக்கு வந்து எழுதலாமென்று விட்டால் இரண்டும் மாறிவிட்டிருக்கும்.

அமைவிடத்தைக் கைபேசி வரைபடத்தில் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண் வரும். இரண்டையும் இடம் மாற்றி எழுதுவது எல்லோரும் விடும் பிழை. எங்கள் இரு மாவட்டங்களில் அகலக்கோடு ஏறக்குறைய ஆறரைக்கும் எட்டேகாலுக்கும் இடையில் இருக்கும். நெடுங்கோடு 81இல் தொடங்கும். 81 முதலில் வந்தால் திருப்பி எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்களைப் பொதுவில் போடாதீர்கள். உயிரினப் படங்களைப் போட்டுப் பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றும்போது அமைவிடத்தை மறைக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். அரிதான ஒன்று நிற்கிறதென்று தெரிந்தால் பார்க்க வருகிறவர்களின் காலே அதற்குப் போதும். நானும் இந்தக் கட்டுரையில் இடத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை.

அதே செயலி படத்தைப் பார்த்து ஒரு பெயரை நீட்டும். அது தொடங்குவதற்கு ஒரு நுனிதான். எனக்கு ஒரே காளானின் மூன்று படத்துக்கு மூன்று பெயர் சொன்னது.

6. உருண்டையை நெடுக்காக வெட்டுங்கள்

விரியாத உருண்டை கிடைத்தால் ஒன்றை மட்டும் உச்சியிலிருந்து அடிவரை இரண்டாக வெட்டுங்கள். குறுக்காக வெட்டினால் ஒன்றும் விளங்காது.

உள்ளே முழுவதும் அவித்த மரவள்ளிக் கிழங்குபோல ஒரே வெள்ளையாக, எந்தக் கோடும் இல்லாமல் இருந்தால் அது பஃப்பால் வகையாக, அதாவது நட்சத்திரமாக விரியாத உருண்டைக் காளானாக இருக்கலாம். தடித்த வெளித்தோலும் அதற்குள் தனியாக ஒரு உருண்டையும் தெரிந்தால் மண் நட்சத்திரம்; முற்றும்போது உள்ளுருண்டை மண்ணிறமாகும். தோலுக்கடியில் வழுவழுப்பான களி படிந்திருந்து, நடுவில் பச்சை கலந்த அடுக்கு தெரிந்தால் நாற்றமடிக்கும் ஃபாலஸ் வகையின் முட்டை. அதுவும் மாரியில் நிறைய வரும். உள்ளே ஒரு குட்டிக் குடையும் காம்பும் தகடுகளும் வரைந்ததுபோல மடிந்து தெரிந்தால் அமனிட்டாவின் முட்டையாக இருக்கலாம். கையைக் கழுவுங்கள், அதைத் தனிப் பையில் போடுங்கள்.

இந்த ஒரு வெட்டு, படம் பார்த்துச் சொல்லும் பத்துப் பேரின் ஊகத்தைவிடப் பெறுமதி.

7. அன்றிரவே காய வையுங்கள்

ஒன்றுக்கு ஒரு கடதாசிப் பை. பையில் எண்ணைக் காட்டிலேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்துச் சாப்பிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டதால்தான் என் இரண்டாம் மாரி வீணானது.

வேண்டியது 40 முதல் 45 பாகை வெப்பமும் காற்றோட்டமும். அடுப்பில் வைத்தால் வெந்துவிடும். வெயிலை மாரியில் நம்ப முடியாது. நான் செய்தது இது: மரப்பெட்டி ஒன்றின் அடியில் பழைய மஞ்சள் பல்பு, நடுவில் கம்பி வலை, மேலே சில துளைகள். எல்ஈடி பல்பு சூடாகாது. கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களிடம் பழைய பல்பு இருக்கும், கேட்டு வாங்குங்கள். உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் முறுகலாகிவிடும். மின்சாரம் போனால் சாம்பல் மூடிய அடுப்புக்கு இரண்டு முழம் மேலே சுளகில் வைத்துக் காத்திருந்தேன். அதுவும் உதவியது.

காய வைப்பதற்கு முன் உள்ளிருந்து கடலை அளவு ஒரு சுத்தமான துண்டை வெட்டித் தனிச் சிறு போத்தலில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். டீஎன்ஏ பார்க்கும் வாய்ப்பு வந்தால் அந்தத் துண்டுதான் கைகொடுக்கும். ஜெல்லின் நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது, புதிதாக மாற்றுங்கள்.

காய்ந்ததை ஜிப் பையில் காற்றில்லாமல் மூடி ஒரு வாரம் ஆழ்குளிரூட்டியில் வைத்தால் பூச்சி முட்டை சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லையென்றால் வியர்த்து மறுபடி ஈரமாகும்.

நீங்கள் கண்டது குடைக்கு அடியில் தகடுள்ள குடைக்காளான் என்றால், காய வைக்கும் முன் வித்தியின் நிறம் பார்க்க வித்திப் பதிவு எடுக்க வேண்டும். பாதி வெள்ளை, பாதி கறுப்புக் கடதாசியில் குடையைத் தகடு கீழே பட வைத்து, மேலே தம்ளரைக் கவிழ்த்து இரவு முழுக்க விடுங்கள். பட்டியடியிலும் புல்தரையிலும் பெரிய வெள்ளைக் குடையாக வருவதன் பதிவு பச்சையாக விழுந்தால் அது குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ். வாந்தி, வயிற்றோட்டம் தரும். புற்றுக்காளான் என்று நினைத்து ஏமாறக்கூடியது அது. புற்றுக்காளானுக்குக் காம்பு கீழே வேர்போல நீண்டு கறையான் கூட்டுக்குள் போகும், பதிவு இளஞ்சிவப்பாக விழும். மண் நட்சத்திரத்துக்குப் பதிவு தேவையில்லை. பையை அழுத்தி வரும் தூளை ஒரு வெள்ளைக் கடதாசியில் மடித்து வைத்தாலே போதும்.

8. லென்ஸோடு உட்காருங்கள்

இனி பெயர் தேடலாம். அவசரப்படாமல் ஐந்து கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

உச்சியில் ஒரு துளையா, பல துளையா? மிளகுத்தூள் போத்தல் மூடிபோலப் பல துளை இருந்து, பையைப் பல சிறு காம்புகள் தாங்கினால் அது மிரியோஸ்டோமா. உலகெங்கும் அரிதான பேரினம். கிடைத்தால் உடனே பல்கலைக்கழகத்துக்கு ஓடுங்கள். ஒரு துளை என்றால் பெரும்பாலும் ஜியாஸ்ட்ரம், மண் நட்சத்திரங்களில் பெரும்பாலானவை சேரும் பேரினம்.

துளையின் வாய் எப்படி? கூம்பாக எழுந்து, நூல் நூலாக மென்மையாக இருக்கிறதா? அல்லது பாவாடைக் கொசுவம்போல ஒழுங்கான மடிப்பு மடிப்பாக இருக்கிறதா? வாயைச் சுற்றித் தெளிவான வட்ட எல்லை இருக்கிறதா? இந்த ஒரு கேள்விக்கு அரை மணித்தியாலம் செலவழித்தாலும் தகும்.

பை நேரே இதழில் உட்கார்ந்திருக்கிறதா, குட்டிக் காம்பில் நிற்கிறதா? மடிப்பு வாயும் காம்பும் சேர்ந்திருந்தால் ஜியாஸ்ட்ரம் பெக்டினேற்றம் பக்கம் போகும்.

பையைச் சுற்றி வெடித்த சதை ஒரு கிண்ணம்போல வளையமாக நிற்கிறதா? நின்று, விரிந்த அகலமும் பெரிதாக இருந்தால் ஜியாஸ்ட்ரம் ட்ரிப்ளெக்ஸ் ஆக இருக்கலாம். பழசானால் அந்தக் கிண்ணம் உதிர்ந்துவிடும், அதனால் இல்லையென்று கண்டு அந்தப் பெயரை அடித்துவிட முடியாது. புதிய ஒன்றைப் பார்க்கும்வரை கேள்வியைத் திறந்தே வையுங்கள்.

அடிப்பக்கம் சருகும் மண்ணும் அப்பியிருக்கிறதா? அப்பியிருந்து, வாய்க்கு எல்லைக்கோடும் இல்லையென்றால் ஜியாஸ்ட்ரம் ஃபிம்ப்ரியேற்றம் பக்கம். அப்பாமல், வாயைச் சுற்றி எல்லை தெளிவாக, பை கிண்ணத்துக்குள் அமர்ந்ததுபோல இருந்தால் ஜியாஸ்ட்ரம் சக்காட்டம் பக்கம். உக்கிய மரத்தில் வெள்ளைப் பாய் விரித்ததுபோன்ற பூசணவலையின் மேல், ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் அளவில் கூட்டமாக நின்றால் அது வேறு கூட்டம். ஜியாஸ்ட்ரம் ஸ்வைனிட்சியை அங்கே தேடுங்கள்.

ஒரு போலியும் உண்டு. அஸ்ட்ரியஸ் என்ற வேறு காளான் பார்வைக்கு இதேபோல நட்சத்திரமாக விரியும். காய்ந்தால் இதழை மூடி, நனைந்தால் திறக்கும். வாய் ஒழுங்கான துளையாக இல்லாமல் கிழிந்ததுபோல இருக்கும். அது உயிருள்ள மரவேரோடு கூட்டு வாழ்வது. பைன், டிப்டெரோகார்ப் (ஈரவலயத்து ஹொர மரத்தின் குடும்பம்) போன்ற மரங்களின் கீழே வரும். எங்கள் வறண்ட காட்டில் அத்தகைய மரம் பெரும்பாலும் இல்லை. ஜியாஸ்ட்ரம் உக்கும் சருகிலிருந்து உண்பது. நீங்கள் எழுதி வைத்த மரப்பட்டியல் இங்கேதான் உதவும். நனைத்துப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பாதீர்கள், ஜியாஸ்ட்ரத்திலும் சில இனங்கள் அப்படி மூடித் திறக்கும்.

9. நுணுக்குக்காட்டி

பாடசாலை ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியில் 400 மடங்கில் பார்த்தேன். புள்ளிகள்தான் தெரிந்தன. ஜியாஸ்ட்ரம் வித்தியின் விட்டம் பொதுவாக 3 முதல் 6 மைக்ரோமீற்றர். அதன் மேலுள்ள சிறு புடைப்புகளைப் பார்க்க எண்ணெய் வில்லையோடு 1000 மடங்கு வேண்டும். அஸ்ட்ரியஸ் வித்தி பெரிது, 7 மைக்ரோமீற்றருக்கு மேல். இந்த ஓர் அளவிலேயே போலி பிடிபட்டுவிடும்.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நேரம் கேட்கும்போது பரீட்சைக் காலத்தைத் தவிர்த்துக் கேளுங்கள். ஒரு வித்தியை அளந்து எழுதாதீர்கள். குறைந்தது இருபதை அளந்து, சிறியது பெரியது இரண்டையும் எழுதுங்கள். வித்தியை அளக்கக் கண்வில்லைக்குள் இருக்கும் அளவுகோல் வில்லையை அந்தக் கருவிக்கே சரிபார்த்திருக்கிறார்களா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் கேட்காமல் அளந்த முதல் இருபது எண்ணும் பயன்படவில்லை.

10. பேராதனைக்கு

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குள் தேசிய ஹெர்பேரியம், அதாவது உலர்ந்த மாதிரிகளின் சேகரிப்பகம், இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கண்டி பஸ்ஸில் செங்கலடி, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகப் போய், கண்டியில் இறங்கி வேறு பஸ் எடுக்க வேண்டும். முன்கூட்டிக் கடிதம் எழுதி நாள் வாங்காமல் போகாதீர்கள். ஒரே நாளில் போய் வேலை முடித்துத் திரும்புவது கடினம், ஓர் இரவு தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: காய்ந்த மாதிரி, அச்சடித்த படங்கள், குறிப்பின் தட்டச்சுப் பிரதி, அனுமதிக் கடிதப் பிரதி. மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தில் வைத்துவிட்டுப் போங்கள். ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும்.

புத்தகம் தேடுவோருக்கு ஒரு சொல். இலங்கைக் காளானுக்கு எல்லோரும் முதலில் காட்டுவது பெக்லர் என்ற காளான் ஆய்வாளர் 1986இல் எழுதிய நூலை. நானும் அதைத் தேடி அலைந்து ஒரு பிரதியைப் பார்த்தேன். அது தகடுள்ள குடைக்காளான்களுக்கானது, மண் நட்சத்திரம் அதற்குள் வராது. உங்களுடையது குடைக்காளான் என்றால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் அந்த அலைச்சல் வேண்டாம்.

வெளிநாட்டில் நிபுணர் ஒருவர் ஆசையோடு பதில் எழுதி, ஒரு துண்டு அனுப்புங்கள் என்று கேட்கலாம். எனக்கும் கேட்டார்கள். உயிரியல் மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தனி அனுமதி வேண்டும். கடித உறைக்குள் வைத்தோ, லண்டன் போகும் உறவினர் பையில் போட்டோ அனுப்பிவிடாதீர்கள். படத்தையும் வித்தி அளவையும் அனுப்புங்கள், அதற்குத் தடையில்லை.

11. என்ன பதில் வரும்

மாதிரியைக் கொடுத்து நான்கு மாதத்துக்குப் பிறகு எனக்குப் பதில் வந்தது. பேரினம் ஜியாஸ்ட்ரம், அதில் ஐயமில்லை. இனப் பெயருக்கு முன்னால் “ஒப்பிடுக” என்ற குறி போட்டு சக்காட்டம் என்று எழுதியிருந்தார்கள். அதாவது சக்காட்டத்தோடு பொருந்துகிறது, அதுவேதான் என்று உறுதி சொல்ல இந்த மாதிரி போதாது. முதலில் எனக்கு மனம் சோர்ந்தது. பிறகு அவர்கள் கேட்டிருந்த இரண்டு கேள்வியைப் படித்தேன். அரைவிரிவுப் பருவத்தில் உள்ளிதழ் நிறம் என்ன? விரியாத உருண்டை மண்ணுக்கு மேலேயா, உள்ளேயா இருந்தது? இரண்டும் நான் கண்ணால் கண்டவை. எழுதவில்லை.

அந்த இரண்டு கேள்வியையும் குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அனுமதியைப் புதுப்பிக்கும் விண்ணப்பம் வைகாசியிலேயே போய்விட்டது. ஐப்பசியில் முதல் மழை விழுந்தால் சித்தப்பா அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாலாம் நாள் காலை ஏழரைக்கு அந்த வீரை மரத்தடியில் நிற்பேன்.